இரைச்சல் என்று நான் காட்டிய இரண்டு விநாடி

அப்பா நடந்துகொண்டிருக்கும்போதே நின்று கைலியை அவிழ்த்துக் கட்டுவார். கைலி நழுவியிருக்காது, இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் ரோட்டோரம் ஒதுங்கி, இரண்டு முனையையும் பிரித்து, ஒருமுறை உதறி, இடப்பக்கம் மடித்து, வலப்பக்கம் மடித்து, நிதானமாகச் செருகிய பிறகுதான் அடுத்த அடி வைப்பார். நான் எட்டாவது படிக்கும்போதே இதைக் கவனித்திருக்கிறேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு தடவை கட்டுவார். நான் பன்னிரண்டாவது முடித்தபோது அது இரண்டு தடவையானது. கல்லூரியில் சேர்ந்த பிறகு நான் எண்ணவில்லை.

அம்மா இதை வைத்து அவரைக் கேலி செய்யாத வாரம் இருக்காது.

"ஊரு பூரா கைலி கட்டறான். உனக்கு மட்டும் இன்னாயா, இடுப்பே இல்லையா? பொண்ணு காலேஜ் போவுது. ஒரு பெல்ட்டு வாங்கிக் கட்டித் தொலை."

"பெல்ட்டு கட்டினா என்னை சூப்பர்வைசர்னு நெனச்சி எல்லாரும் வணக்கம் வெப்பான். அப்பறம் நீயும் வெக்கணும், பரவால்லயா?" என்பார் அப்பா.

அவர் பெயர் முத்துசாமி. பாகூர் பக்கம் செலியமேட்டில் பிறந்தவர். அவர் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள். ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டு அவரும் அதற்குத்தான் போனார். என் அம்மா தனக்கொடியைக் கல்யாணம் கட்டிய பிறகு, அவள் ஊரான தொண்டமாநத்தத்துக்கே வந்துவிட்டார். மாமனார் வீட்டோடு வந்து உட்கார்ந்தவன் என்று பேச்சு வரும் என்று தெரிந்தும் வந்தார். அங்கிருந்து சேதராப்பட்டு பக்கம். அங்கே கம்பெனிகள் இருந்தன. வெயிலில் குனிந்து நிற்க வேண்டாம், மழைக்கு ஏங்க வேண்டாம், தலைக்கு மேலே கூரை இருக்கும். "நெழல்ல வேலை, தனம்" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

அது இரும்பு வால்வு வார்க்கும் கம்பெனி. வார்ப்பு அச்சிலிருந்து வெளியே வரும்போது அதன்மேல் கருகிய மண் ஒட்டியிருக்கும். அதைச் சுத்தம் செய்ய ஒரு மூடிய அறை இருந்தது. உள்ளே இரண்டு பேர் நின்று, குழாய் வழியாகக் காற்றின் வேகத்தில் இரும்பின்மேல் மணலை அடிப்பார்கள். இரும்பில் பட்ட மணல் மாவாகி அறை முழுவதும் பறக்கும். மணல் ரூம் என்பார்கள். கண்ணாடி பதித்த முக்காடு ஒன்று கொடுத்தார்கள். அது கிழிந்த பிறகு, துண்டைத் தண்ணீரில் நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டார்கள். அப்பா அதில் பத்து வருடம் இருந்தார். குளித்துவிட்டு வந்தாலும் காது மடலுக்குப் பின்னால் வெள்ளையாக இருக்கும். அவர் எழுந்து போன பிறகு அம்மா பாயை உதறினால் தரையில் மணல் விழும் சத்தம் கேட்கும்.

கடைசி ஆறு வருடம் அவரோடு அந்த அறையில் நின்றவர் சுப்பராயலு. எனக்கு மாமா முறை வைத்துக் கூப்பிட்டுப் பழக்கம். இரண்டு பேரும் தலை முதல் கால்வரை வெள்ளையாக வெளியே வரும்போது, "இன்னா துரை, பிரான்சுக்குக் கெளம்பிட்டீங்களா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்களாம். இதை அப்பா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோல் சிரிப்பார்.

பிறகு கம்பெனி அந்த வேலைக்கு ஒரு இயந்திரம் வாங்கியது. மணல் ரூமை இடித்துவிட்டு அந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டார்கள். இரண்டு பேரையும் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். சுப்பராயலு மாமாவால் பெட்டி தூக்க முடியவில்லை. நின்றுவிட்டார். காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்குள் இறந்துபோனார். இறப்பதற்கு முன் ஒரு டாக்டர் மட்டும், இது காசநோய் இல்லை, மணல் தூசி நுரையீரலில் படிந்ததால் வந்தது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு அவர் மனைவி பவுனம்மாள் லேபர் ஆபீசில் நஷ்ட ஈடு கேட்டு மனு போட்டார்.

நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த சமயம், பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பவுனம்மாள் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். செம்பைக் கையில் வைத்துக்கொண்டே அத்தை பேசினார்.

"காண்ட்ராக்ட்டு நோட்டுல அவரு பேருக்கு நேரா தோட்ட வேலைன்னு எழுதிருக்கான் அண்ணே. செடிக்குத் தண்ணி ஊத்தினவனுக்கு எப்பிடிம்மா நுரையீரல்ல மணலு போவும்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்ல?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"அந்த ரூமே இப்ப இல்ல. அப்பிடி ஒரு ரூமு இருந்துச்சு, இவரு அதுல நின்னாருன்னு கூட வேலை செஞ்சவங்க யாராச்சும் வந்து சொல்லணுமாம். கூட நின்னது நீங்க ஒருத்தர்தான."

"நான் இன்னும் அதே காண்ட்ராக்ட்டுலதான் இருக்கறன் தங்கச்சி."

"தெரியும் அண்ணே."

"நான் அங்க வந்து வாயத் தொறந்தா, மறுநாள் கேட்டுலயே நிறுத்திடுவான்."

"அதுவும் தெரியும். தெரிஞ்சிதான் இத்தினி மாசம் வராம இருந்தேன்."

அப்பா என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிவரை போனது நான்தான். "பாப்பா படிப்பு ஏப்ரல்ல முடியுது. முடிஞ்ச மறுநாளு நானே வரேன். வந்து சொல்றேன். சத்தியமா" என்றார்.

"ஏப்ரல்னே தேதி கேட்டு வாங்கறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு அத்தை அப்போதுதான் தண்ணீரைக் குடித்தார்.

நான் விஸ்காம் படித்தேன். கடைசி செமஸ்டருக்கு எட்டு நிமிடப் படம் ஒன்று எடுத்துத் தர வேண்டும். அது இல்லாமல் டிகிரி இல்லை. ஒரு மனிதரின் வேலையைப் பற்றி என்று சொல்லியிருந்தார்கள். நான் அப்பாவை எடுத்தேன். ஏன் அவரை என்று இப்போது கேட்டால், உண்மையான பதில் எளிது: வேறு யாரும் என் நேரத்துக்கு வர மாட்டார்கள். கம்பெனிக்குள் கேமரா விடமாட்டார்கள் என்பதால் வீட்டில் உட்காரவைத்துப் பேச்சும், பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடுவரை நடையும் என்று திட்டம் போட்டேன்.

பேச்சை எடுத்தது ஜனவரி கடைசியில். கல்லூரிக் கேமரா, அதில் மைக் கெட்டுப்போயிருந்தது. சத்தத்துக்குத் தனியாக, சட்டையில் மாட்டும் சின்ன மைக்கை என் போனில் செருகிப் பதிவு செய்தேன். மைக்கை அப்பாவின் நெஞ்சுக்கு நேராக, இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஃபேனை நிறுத்திவிட்டேன்.

"மூஞ்சிக்குப் பவுடர் போடணுமா?" என்று கேட்டார்.

"வேணாம்பா."

"பத்து வருஷமா போட்டாச்சு, போதும்ன்றியா?"

முதல் அரை மணி நேரம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். பிறகு நான் கேட்காமலே ஆரம்பித்தார். "மணல் ரூம்ல பத்து வருஷம் நின்னேன். கடைசி ஆறு வருஷம் சுப்பராயலு எங்கூட நின்னான். அவன் செடிக்குத் தண்ணி ஊத்தல. அந்தக் கம்பெனில செடியே கெடையாது. ஒரு வேப்பமரம் இருந்துச்சு, அதுவும் தானா மொளச்சது." இப்படி நான்கு நிமிடம் பேசினார். இடையிடையே நிறுத்தினார். நிறுத்திவிட்டு மறுபடி பேசினார். முடித்ததும், "இத படத்துல போட்டுடாத" என்றார்.

"போடலப்பா."

"ஆனா வெச்சிக்கோ."

போன் நிறைந்திருந்தது. மறுநாள் சத்தப் பதிவையும் கேமராவில் இருந்த படத்தையும் கல்லூரிக் கணினிக்கு மாற்றிவிட்டு போனில் இருந்ததை அழித்தேன். கேமரா கார்டையும் காலி செய்து திருப்பிக் கொடுத்தேன். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

எங்கள் லேபில் பன்னிரண்டு கணினிகள். ஓடுவது ஐந்து. எனக்கு போனில் வெட்டி ஒட்டத்தான் தெரியும். பெரிய சாஃப்ட்வேரைத் திறந்ததும், எந்தப் பெட்டி எதற்கு என்று தெரியாமல் ஒரு வாரம் விழித்தேன். யூடியூபில் ஒரு வடநாட்டுக்காரர் இந்தியில் சொல்லிக்கொடுத்தார். இந்தி புரியாது. அவர் சுட்டி போகும் இடத்தைப் பார்த்து, நிறுத்தி, நானும் அங்கே அழுத்துவேன். பக்கத்துக் கணினியில் அபிதா உட்கார்ந்திருந்தாள். வீராம்பட்டினத்துப் பெண். அவள் அம்மா மீன் விற்பதைப் படம் எடுத்திருந்தாள். படகிலிருந்து எடுத்ததெல்லாம் ஆடிக்கொண்டே இருந்தது.

"எனக்கு எடிட்டிங் வேணாண்டி. பாக்கறவங்களுக்கு ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் குடுத்தா போதும்" என்பாள்.

பிளேடு மாதிரி ஒரு கருவி இருக்கும். வேண்டாத இடத்தின் இரண்டு பக்கமும் வெட்டி நடுவில் இருப்பதை அழித்தால், மீதி தானாக நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். அது எனக்குப் பிடித்துப்போயிற்று. முதலில் அப்பாவின் நடையை வெட்டினேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடுவரை எடுத்திருந்த காட்சியில் அவர் ஐந்து இடத்தில் நின்று கைலியை அவிழ்த்துக் கட்டியிருந்தார். படத்தின் வேகம் கெட்டது. ஐந்தையும் எடுத்தேன். வெட்டு தெரியாமலிருக்க நடுவில் ஒரு மரத்தையும் போகிற லாரியையும் வைத்தேன். அப்பா நிற்காமல் நடந்து வீட்டுக்கு வந்தார். நாற்பது விநாடி. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் கையால் முதன்முதலாக ஒன்று சரியாக வந்திருந்தது.

சத்தம்தான் சரியாக வரவில்லை. அப்பா ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் சன்னமாக ஒரு சீறல் கேட்டது. எங்கள் ராஜ்மோகன் சார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "இன்னாம்மா, அடுப்புல குக்கர வெச்சிட்டு ரெக்கார்டு பண்ணியா? க்ளீன் பண்ணிட்டு வா" என்றார்.

அபிதாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். கேட்டாள். பிறகு நான் அம்மாவைப் பேசவைத்து எடுத்திருந்த துண்டையும் போடச் சொல்லிக் கேட்டாள்.

"உங்கம்மா பேசறதுல இது இல்லையே. அதே மைக்குதான?"

"அதே மைக்குதான். அப்பா சட்டை பாலியஸ்டர். ஒரசுதுன்னு நெனக்கறேன்."

"ஒரசினா எப்பவும் ஒரசாதா? இது அவரு பேசி நிறுத்தினாதான வருது."

"பேசி முடிச்சா அசையறாரு போல."

நான் சொன்ன பதில் இதுதான். அவள் சரி என்றுவிட்டுத் தன் படகுக்குத் திரும்பினாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். தெரிந்தே மறைக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தது ஒரு கோடு, அதில் மேடும் பள்ளமும். அதை நான் அப்பாவாகப் பார்க்கவில்லை.

இரைச்சலை எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆள் பேசாத, இரைச்சல் மட்டும் இருக்கிற ஒரு சின்னத் துண்டைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று சாஃப்ட்வேருக்குக் காட்ட வேண்டும். அது அந்தச் சத்தத்தைப் படித்துக்கொண்டு, முழுப் பதிவிலும் அதைத் தேடிக் கழித்துவிடும். நான் அப்பா இரண்டு வாக்கியத்துக்கு நடுவே நிறுத்தியிருந்த இடத்தில் இரண்டு விநாடியைத் தேர்ந்தெடுத்துக் காட்டினேன். முதலில் அப்பாவின் குரலும் சேர்ந்து கெட்டது, பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆனது. அளவைக் குறைத்தேன், கூட்டினேன். மூன்று வாரம் ஆனது. ஒருநாள் மதியம் சீறல் போய்விட்டது, குரல் மட்டும் நின்றது. ஓரிடத்தில்கூட மிச்சம் இல்லை. அபிதா கை தட்டினாள். நான் சேவ் செய்தேன். பழைய பதிவின் மேலேயே சேவ் செய்தேன். வேறு பெயரில் வைக்க வேண்டும் என்று அந்த இந்திக்காரர் சொல்லியிருக்கலாம். எனக்குப் புரிந்திருக்காது.

படத்தில் போட வேண்டாம் என்று சொன்ன நான்கு நிமிடத்தையும் சேர்த்துத்தான் சுத்தம் செய்திருந்தேன். அது முழுப் பதிவின் நடுவில் இருந்தது. படத்துக்கு அதை வெட்டிவிட்டு, தனியாக ஒரு பென் டிரைவில் போட்டு வைத்தேன். 'வெச்சிக்கோ' என்று சொன்னாரே.

ஏப்ரல் முதல் வாரம் கல்லூரியில் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். அப்பா லீவு போட்டுவிட்டு அம்மாவோடு வந்தார். நாற்காலி இருந்தும் கதவோரம் நின்றே பார்த்தார். நடைக் காட்சிக்குக் கை தட்டினார்கள். வெளியே வந்ததும், "நான் இவ்ளோ வேகமா நடக்கறனா பாப்பா?" என்று கேட்டார்.

"ஒரு எடத்துல கூட கைலி அவுரலையே. யாரு வூட்டு ஆம்பளயோன்னு பாத்தேன்" என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கல்லூரி மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் காத்திருந்தோம்.

என் கடைசிப் பரீட்சை ஏப்ரல் இருபத்து நான்கு. லேபர் ஆபீசில் தேதி இருபத்தாறு. இருபத்திரண்டாம் தேதி அப்பா கம்பெனியில் பெட்டி தூக்கும்போது உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது, "கல்லு ஒடைக்கற வேலையா?"

வார்டில் முதல் நாள் அப்பாவின் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தார். நெஞ்சு எழும்பி இறங்கும்போது சன்னமாக ஒரு சீறல் வந்தது. எனக்கு அதன் நீளம் தெரியும். எங்கே ஆரம்பித்து எங்கே மெலியும் என்று தெரியும். மூன்று வாரம் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். அம்மா வந்து இன்னாடி என்றாள். ஒன்றுமில்லை என்றேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

கைலி விஷயமும் அந்த வாரம்தான் புரிந்தது. டாக்டர் அப்பாவிடம், நடந்தால் எத்தனை வருடமாக மூச்சு வாங்குகிறது என்று கேட்டார். அப்பா, "ஏழெட்டு வருஷம் இருக்கும் சார். அங்கங்க நின்னு சமாளிச்சிக்குவேன்" என்றார். அம்மா சட்டென்று அப்பாவைப் பார்த்தாள். பிறகு போர்வையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். வெகுநேரம் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பவுனம்மாள் அத்தை தேதியைத் தள்ளி வாங்கினார். ஜூனுக்கு. அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. மறுபடி ஆகஸ்டுக்கு. ஜூலையில் ஒருநாள் அத்தை வார்டுக்கு வந்தபோது அப்பா முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியைத் தூக்கிவிட்டு, "வரேன் தங்கச்சி. அடுத்த தேதிக்கு" என்றார்.

"பேசாதீங்க அண்ணே."

"சொல்லணும்ல. அவன் தோட்டக்காரன் இல்ல."

நர்ஸ் வந்து, "மூடிய எடுக்காதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று அதட்டிவிட்டு மாட்டினார். அத்தை அப்பாவின் பாதத்தைப் போர்வைக்கு மேலேயே தொட்டுவிட்டுப் போனார்.

ஆடி மாதம், வீராம்பட்டினத்தில் தேர் இழுத்த வாரம், அப்பா இறந்தார்.

லேபர் ஆபீஸ் தேதி, அவர் இறந்த பதினோராவது நாள் வந்தது. காரியம் முடியாமல் வெளியே போகக் கூடாது என்றாள் அம்மா. எனக்கு அந்தப் பென் டிரைவ் நினைவிலேயே இருந்தது. அப்பாவால் வர முடியாது, ஆனால் அப்பா பேசியது என்னிடம் இருக்கிறது. அம்மாவிடம் பேங்க்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அத்தையோடு போனேன்.

சின்ன அறை. அதிகாரி ஒருவர், கம்பெனிக்காக வந்த வக்கீல் ஒருவர், காண்ட்ராக்டரின் ஆள் எழிலரசன். எழிலரசன் என்னைப் பார்த்ததும் எழுந்து, "அப்பா நல்ல மனுஷம்மா" என்றார். பிறகு உட்கார்ந்துகொண்டார். அதிகாரி மேஜைக் கணினியில் பென் டிரைவைச் செருகினார். அப்பா வந்தார். மணல் ரூமில் பத்து வருடம் என்றார். சுப்பராயலு ஆறு வருடம் என்றார். செடியே கிடையாது என்றார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டார். எழிலரசன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு நிமிடமும் ஓடி முடிந்ததும் வக்கீல் கோபப்படாமல்தான் பேசினார்.

"சார், இவரு பத்து வருஷம் அந்த ரூம்ல இருந்ததா சொல்றாரு. அங்க நின்னவங்களுக்கு நுரையீரல் போச்சுன்றது இவங்க கேஸு. ஆனா பாருங்க, நாலு நிமிஷம் பேசறாரு. ஒரு மூச்சு வாங்குதா? நம்ம ரெண்டு பேரவிட நல்லா பேசறாரு."

"எங்கப்பா அதுலதான் செத்தாரு சார்" என்றேன்.

"வருத்தமா இருக்கும்மா. ஆனா ஜனவரில எடுத்ததுன்னு சொல்றீங்க. ஜனவரில நல்லா இருந்திருக்காரே."

"நல்லா இல்ல சார். சீறல் இருந்துச்சு. நான் எடுத்துட்டேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "எதம்மா எடுத்தீங்க?"

"மூச்சு சத்தத்த. இரைச்சல்னு நெனச்சி."

"அப்ப இது எடிட் பண்ணதா?"

"சத்தம் மட்டும்தான் சார். பேச்சு எதையும் தொடல."

"எடுத்தபடியே இருக்கறது இருக்கா?"

"இல்ல சார். அது மேலயே சேவ் பண்ணிட்டேன்."

வக்கீல் தன் ஃபைலை மூடிக் கட்டினார். அதிகாரி பென் டிரைவைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினார். கடுமையான மனிதர் இல்லை. ஆள் உயிரோடு இருந்து வந்து சொல்லியிருந்தால் வேறு, வெறும் பதிவு என்றாலே சிரமம், அதுவும் கை வைத்த பதிவு என்றால் ஏற்கவே முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அந்த அறையில் வேலை செய்த வேறு யாராவது இருந்தால் அடுத்த தேதிக்குக் கூட்டிவரச் சொன்னார். அத்தை, "அந்த ஆறு வருஷமும் ரெண்டு பேருதான் சார் இருந்தாங்க" என்றார். அவர் அதை எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது அத்தை ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். வில்லியனூர் தாண்டிய பிறகு கேட்டார்.

"எடுத்தத மறுபடி சேக்க முடியாதா பாப்பா?"

"முடியாது அத்தை."

"வேற யாரு மூச்சயாச்சும் வெச்சி?"

நான் அவரைப் பார்த்தேன். விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்த வேலையை எனக்குச் செய்யத் தெரியும். இப்போது ஒரு கல்யாண ஸ்டுடியோவில் அதைத்தான் செய்கிறேன், இல்லாத மேளத்தைச் சேர்க்கிறேன், இருக்கிற அழுகையை எடுக்கிறேன். அன்றைக்கு, "அது பொய்யாயிடும் அத்தை" என்றேன். அவர் தலையாட்டினார். அப்பாவை நாற்பது விநாடி நிற்காமல் நடக்கவைத்தபோது எனக்கு இந்த வார்த்தை ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் செலியமேட்டிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். பவுனம்மாள் அத்தையும் வந்து, காலையிலிருந்து பின்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு முன் அம்மாவின் அண்ணன் புகழ்வேந்தன் பந்தலில் எழுந்து நின்று, "முத்துசாமி யாருக்காவது தரவேண்டியது, சொன்ன வார்த்தை ஏதாச்சும் பாக்கி இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நாங்க இருக்கறோம்" என்றார்.

அம்மா மூலையிலிருந்து சொன்னாள். "அவரு யாருக்கும் கடன் வெச்சிட்டுப் போவலண்ணே. அந்த ஒரு விஷயத்துல சுத்தமா போயிட்டாரு."

பவுனம்மாள் அத்தை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கையில் நறுக்கிய வாழைக்காய்த் தட்டு. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். புகழ்வேந்தன் மாமா இன்னொரு தடவை கேட்டார். அத்தை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாமா இலை போடச் சொன்னார்.